எல்லைகளைக் கடந்த எல்லீசன்

தணிகை மலையின் படிகளில் ஏறுகையில் முன்னே செல்வோர் தமிழில் பேசுவர்; பின்னே வருவோர் தெலுங்கில் பேசுவர். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது தமிழகத்துடன் இணைந்த நம் ஊரில் இது அன்றாடக் காட்சி. கண்ணைக் ‘கன்னு’ என்றும், மூன்றை ‘மூடு’ என்றும், கையைச் ‘செய்யி’ என்றும் அவர்கள் சொல்லக் கேட்ட நான், இவ்வுறவைச் சான்றுகளோடு முதலில் நிறுவியவர் யார் என்று தேடினேன். எல்லீசன் எனத் தமிழர் போற்றும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தான் அவர்.

1777-இல் பிறந்த எல்லிஸ், 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னைக்கு வந்தார். 1810-இல் சென்னைக் கலெக்டரானார். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812-இல் தோன்ற முன்னின்று உழைத்தார். தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றைக் கற்றார். குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரையும் எழுதினார். 1818-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்து, கல்வெட்டிலும் குறளைப் பொறிக்கச் செய்தார்.

தென்மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்பதே அன்றைய அறிஞர் பலரின் முடிவு. 1816-இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் எல்லிஸ் அதை மறுத்தார். கல்லூரி ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்கள் அவருக்குத் துணை நின்றன. தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசையாக அடுக்கி, இவை ஒரு தாயின் மக்கள் என்று காட்டினார்.

ஆனால், நாற்பது வயதுவரை கற்பதே கடன், அதன் பின்னரே நூல் வெளியிடுவது என்று அவர் உறுதி பூண்டிருந்தார். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில், மருந்தென்று தவறி நஞ்சை உட்கொண்டு, தம் 41-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் பல மதுரையில் ஒரு சமையலறையின் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று பின்னாளில் வால்ட்டர் எலியட் பதிவு செய்தார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. உலகம் எல்லிஸை ஏறக்குறைய மறந்தது.

கணிதம் பயிலும் எனக்கு அவருடைய அட்டவணையே பெரிதாகத் தோன்றுகிறது. இன்றைய ஆய்வாளர் செய்வதும் அதன் வளர்ச்சியே. ஒரே வேரானால் 1, வேறானால் 0 என்று குறிக்கின்றனர். கண், கன்னு என்றால் 1. நாய், குக்க என்றால் 0. 1950-களில் மோரிஸ் சுவாதேஷ் என்னும் அமெரிக்கர், அடிப்படைச் சொற்கள் 100-இல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் 86 நிலைக்கும் என்று கணக்கிட்டார். பிரிந்த இரு மொழிகளும் தனித்தனியே சொற்களை இழப்பதால், இரண்டிற்கும் பொதுவாக எஞ்சுவது 0.86-இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 74. எல்லா மொழிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதே இக்கணக்கின் குறை. பின் வந்தோர் வேகமும் மாறலாம் எனக் கொண்டு, நிகழ்தகவு முறையைக் கையாண்டனர். அவ்வழியில் 20 திராவிட மொழிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, இக்குடும்பத்தின் வயது சுமார் 4500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டது.

உறவு உண்டா என்று எல்லிஸ் கேட்டார்; எப்போது பிரிந்தோம் என்று கணிதம் கேட்கிறது. அடுப்பில் எரிந்த ஏடுகளில் இன்னும் என்னென்ன இருந்தனவோ! அச்சேறிய சில பக்கங்களே அவரைக் காத்தன. நண்பர்களே, கற்றதை நாளை எழுதலாம் என்று நாம் தள்ளிப் போடலாகாது. மலைப்படியில் தெலுங்கு கேட்கும் போதெல்லாம், நெடுநாள் முன் பிரிந்துபோன உறவினர் குரலாகவே இப்போது அது என் காதில் விழுகிறது.