பேரை மீட்ட நாகரத்தினம்மா

பெங்களூர் நாகரத்தினம்மா 1878-ல் பிறந்தவங்க. பெரிய பாட்டுக்காரம்மா. அவங்களுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் தஞ்சாவூரில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் காவியம் பாடினார். பின்னால் அதை அச்சடித்தவர்கள், அவர் தன் பாட்டி வம்சத்தைச் சொன்ன பாட்டுகளையே நீக்கிவிட்டார்கள்.

நாகரத்தினம்மா சுவடி தேடி, விட்டதையெல்லாம் சேர்த்து 1910-ல் முழுசாக அச்சிட்டாங்க. ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. அவங்க ஓயவில்லை. திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பெண்களைப் பாட விடாதபோது, பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தாங்க. 1952-ல் அவங்க கண் மூடுவதற்கு முன்பே புத்தகத் தடை நீங்கியது.

மடுகரையில் எங்க குழுவின் தீர்மான நோட்டை நான்தான் எழுதுறேன். கைநாட்டு வைக்கும் அக்காக்கள் பேரில் ஒன்றுகூட விடுபடாமல் பார்த்துக்கறேன்.