டாக்டர் ஜெர்டனும் ஆறுமணிக் குருவியும்

கோலார் தங்கவயலிலிருந்து வந்து நம்மோடு பயிலும் நண்பர்கள் பலர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டதையும், சயனைடு மேடுகளையும், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் மக்களையும் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொன்னால் பெயர்பெற்ற அந்த மேட்டு நிலத்தின் வழியே, ஆண்டுக்கு இருமுறை வலசை போகும் குருவி ஒன்று உண்டு. அதற்கும் பொன்னுத்தொட்டான் என்று ஒரு பெயர். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீழ்க்கை அடிப்பதால் ஆறுமணிக் குருவி என்றும் அழைப்பர். அதனைக் கண்டெழுதிய பெரியார் ஒருவரின் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1811ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இங்கிலாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1836இல் சென்னையில் வந்திறங்கினார். கஞ்சம், திருச்சிராப்பள்ளி, ஜால்னா, நெல்லூர் எனப் பட்டாளமும் பதவியும் அழைத்த இடமெல்லாம் சென்றார். சென்ற இடமெல்லாம் பறவைகளைத் தேடினார்.

ஆறுமணிக் குருவி எளிதில் கண்ணுக்கு அகப்படாது. ஒரு சாண் நீளம், குட்டை வால், பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. இத்தனை நிறமிருந்தும் புதர் நிழலில் சருகுகளைக் கிளறிப் பூச்சி தின்னும்போது அது இருப்பதே தெரியாது. காலடி ஓசை கேட்டால் ஒதுங்கிவிடும்.

ஜெர்டன் அதனை முதலில் கண்ட இடம் காடன்று. சென்னைப் பொது மருத்துவமனை! கோடைத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வீசிய வன்காற்றுக்கு ஆற்றாமல் அது அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது. பின்னர் நெல்லூரிலும் இவ்வாறு குடிசைகளில் ஒதுங்கிய குருவிகள் பலவற்றை உயிருடன் பெற்றார். பறக்கும் ஆற்றல் குறைந்ததாகையால் கிழக்கு மலைத்தொடரிலிருந்து காற்று இதனை அடித்துவந்தது என்று அவர் கருதினார்.

இன்று நாம் அறிவது சற்று வேறு. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இக்குருவி, குளிர்காலத்தில் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து, கோடையில் வடக்கே திரும்புகிறது. ஜெர்டன் கண்டவை பெரும்பாலும் வீடு திரும்பும் வழியில் களைத்து வீழ்ந்த பயணிகளே. அவர் கொண்ட முடிவு முழுமையுறவில்லை. ஆனால் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தமையால்தான் பின்வந்தோர் அதன் பொருளைத் தெளிய முடிந்தது.

அவர் செய்த மற்றொரு நற்பணி, பறவைகளுக்கு மக்கள் வழங்கிய தமிழ், தெலுங்கு முதலிய பெயர்களைக் கேட்டுத் தொகுத்ததாகும். 1843 முதல் 1847 வரை சென்னையில் அவர் வெளியிட்ட ஐம்பது வண்ணப் படங்களில் பெரும்பாலானவற்றை நம் நாட்டு ஓவியரே தீட்டினர். 1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் பெருநூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்களை விவரித்தார். 1872 ஜூன் திங்களில் இங்கிலாந்தில் மறைந்தார்.

அவர் பெயர் தாங்கிய ஜெர்டன் கல்குருவி, அற்றுப்போனதாகவே எண்ணப்பட்டு, 1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் மீண்டும் காணப்பட்டது. தேடுவோர் இருந்தால் தொலைந்ததும் கிடைக்கும் அன்றோ!

ஜெர்டனுக்குப் பெயர் சொல்லித் தந்த வேடரும் உழவரும் இன்றில்லை. அவர்தம் பேரர்கள் நம்மிடையே உள்ளனர். நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, தங்கவயலின் புதரோரத்தில் ஒரு மாலை அசையாமல் அமர்ந்து பாருங்கள். குருவியைக் காணாவிடினும், ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். அயல்நாட்டார் ஒருவர் நம் சொற்களை ஏட்டில் ஏற்றினார். எஞ்சியவற்றை ஏற்றும் கடமை நம்முடையது.