காலவாவி கண்ட தாதுசேன மன்னன்

ஏரும் நீரும் வாழ்வாகக் கொண்டு வந்த நம் குலத்தார்க்கு, ஏரி கண்டவர் வரலாறு புறக்கதையன்று, வீட்டுக்கதையே ஆகும். போரில் வென்று புகழ்கொண்ட வேந்தர் பலரை நாம் அறிவோம். மண்ணைக் கொட்டிக் கரையெழுப்பி ஆற்றைத் தடுத்து நிறுத்திய வேந்தரோ சிலரே. அச்சிலருள் ஒருவன், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அநுராதபுரத்திலிருந்து இலங்கையை ஆண்ட தாதுசேனன். அவன் எடுப்பித்த காலவாவி இன்றும் கலாவெவ என்னும் பெயருடன் நீர் தாங்கி நிற்கின்றது. அவனுடைய வாழ்வும் சாவும் அவ்வேரியோடு பிணைந்த வரலாற்றைச் சூளவம்சம் கூறுமாற்றை ஒட்டி ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அந்நூற்றாண்டின் இடையில், தமிழகத்தினின்று சென்ற பாண்டு என்பான் அநுராதபுரத்தைக் கைக்கொண்டான். அவனும் அவனுக்குப் பின் ஐவருமாகத் தமிழ் மன்னர் அறுவர் அரசு செலுத்தினர். அவருள் சிலர் பௌத்த சங்கத்திற்குக் கொடை அளித்தமையைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. தாதுசேனன் மோரியர் குடியிற் பிறந்தவன். இளமையிலேயே தன் மாமனாகிய பெரியதொரு துறவியிடம் சேர்ந்து துறவுக்கோலம் பூண்டு கல்வி பயின்று வந்தான்.

இச்சிறுவன் ஒருநாள் அரசனாவான் என்னும் பேச்சு பாண்டுவின் செவிக்கு எட்டவே, அவனைப் பிடித்துவர ஆட்கள் ஏவப்பட்டனர். மாமன் முன்னரே உணர்ந்து சிறுவனை அழைத்துக்கொண்டு வெளியேறினார். கோணநதி, அதாவது இக்காலத்துக் கலாஓயா, அவ்வேளையில் பெருவெள்ளம் கொண்டு ஓடிற்று. பின்னே பகைவர், முன்னே வெள்ளம். அக்கரையேற வழியின்றி நின்ற அந்நிலையிலும் மாமன் மனங்கலங்கவில்லை. இவ்வாறு நம்மை இன்று தடுப்பதுபோல நீயும் ஒருநாள் இவ்விடத்தே ஏரி கண்டு இவ்வாற்றைத் தடுப்பாயாக என்று மருமகனுக்குக் கூறிவிட்டு, அவனுடன் நீரில் இறங்கினார். உயிருக்கு அஞ்சி ஓடுகின்றபோதும் ஊருக்கு நன்மை நினைந்த அப்பெரியாரின் உள்ளம் போற்றத்தக்கது.

சிறுவன் அச்சொல்லை மறந்தானல்லன். வளர்ந்தபின் படை திரட்டிப் பலகாலம் பொருது, அறுவருள் இறுதியானவனையும் வென்று முடிசூடினான். 18 ஆண்டுகள் ஆண்டான். முடவருக்கும் பிணியாளருக்கும் மருத்துவச்சாலைகள் அமைத்தான். ஏரிகள் 18 கண்டான் என்பர். அவற்றுள் தலையாயது தன்னைத் தடுத்த அவ்வாற்றையே தடுத்துக் கட்டிய காலவாவியாகும்.

அக்கரையின் நீளம் 3 மைலுக்கு மேற்பட்டது. உயரம் சிலவிடங்களில் 40 அடியையும் கடக்கும். எல்லாம் மண்ணே. அடியை மிக அகலமாகவும் முடியைக் குறுக்கியும் கட்டப்பெறும் இத்தகைய மண்ணணை, தன் பாரத்தாலேயே நீரின் தள்ளுதலைத் தாங்கும். அலை அரிக்காதபடி நீர்ப்பக்கத்தே கல் பாவுவர். மிகுநீர் கரைமேல் வழியாது புறம்போகக் கற்கலிங்கு அமைப்பர். மண்கரையின்மேல் நீர் வழியத் தொடங்கினால் கரை நில்லாது என்பது நம் சிற்றூர்ப் பிள்ளைகளும் அறிந்ததன்றோ? இவ்வேரியினின்று ஜயகங்கை என்னும் கால்வாய் 54 மைல் வளைந்து சென்று, அநுராதபுரத்துத் திஸ்ஸ ஏரியில் நீர் சேர்க்கின்றது. முதல் 17 மைலில் அதன் வாட்டம் மைலுக்கு ஏறத்தாழ 6 அங்குலமே. பள்ளப்பக்கம் மட்டும் கரையிட்டு மேட்டுப்பக்கத்தைத் திறந்து விட்டமையால், வழியில் பெய்யும் மழைநீரும் அதனுள் வந்து சேரும். இக்கருவிகள் மலிந்த காலத்தும் இதனை நோக்கி வியவாதார் இலர்.

இத்துணை நற்பணி புரிந்தானிடத்துக் குற்றமும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. கரை எழும்பும் காலத்தே ஒரு துறவி அவ்விடத்தில் தியானத்தில் அமர்ந்திருந்தாராம். எழுப்பியும் எழாமையின், அவர் தலைமேல் மண்ணைப் போடும்படி மன்னன் ஏவினான். பணியின் வேகம் கண்ணை மறைத்தது.

வீட்டினுள்ளும் அச்சினமே கேடு விளைத்தது. மன்னனுக்குக் காசியபன், மொக்கல்லானன் என இரு மைந்தர். வெவ்வேறு தாயர் வயிற்றுப் பிறந்தவர். மகள் ஒருத்தியும் உண்டு. நம்மவர் வழக்கம் போலவே அவளை உடன்பிறந்தாள் மகனாகிய சேனாபதி மிகாரனுக்கு மணஞ்செய்து கொடுத்தான். அவன் குற்றமற்ற மனைவியைச் சாட்டையால் அடித்தான். மகள் ஆடையில் குருதி கண்ட தந்தை, அடித்தவனை விட்டு அவன் தாயை, தன் உடன்பிறந்தாளையே, தீயிலிட்டுக் கொல்வித்தான். அன்று முதல் மிகாரன் பகைவனானான். அவன் காசியபனைத் தூண்ட, மகன் தந்தையைச் சிறையிலிட்டு அரசைக் கவர்ந்தான். இளையவன் மொக்கல்லானன் இந்தியாவிற்கு ஓடி உயிர் பிழைத்தான்.

மன்னன் பெருநிதியை இளைய மகனுக்காக ஒளித்து வைத்துளான் என்று மிகாரன் கோள் மூட்டினான். நிதியைக் காட்டுமாறு காசியபன் நெருக்கவே, காலவாவிக்குக் கொண்டுசென்றால் காட்டுவதாகத் தாதுசேனன் இசைந்தான். பழுதுபட்ட வண்டியொன்றில் அவனை ஏற்றினர். வழியில் வண்டிக்காரன் தான் உண்ட பொரியில் ஒரு பங்கை முன்னாள் மன்னனுக்கு ஈந்தான். அவ்வன்பிற்கு மகிழ்ந்து, அவனுக்கு உதவும்படி மொக்கல்லானனுக்கு ஓலை எழுதிக் கொடுத்தான். ஏரியை அடைந்து, பழைய நண்பராகிய தேரரைக் கண்டு உரையாடி, நீரில் இறங்கி நீராடினான். பின்னர் அந்நீரைச் சுட்டி, தனக்குள்ள நிதியெல்லாம் இதுவே என்று காவலருக்குக் கூறினான்.

காசியபன் சினந்து கொலைக்கு ஆணையிட்டான். மிகாரன் தன் மாமனைச் சங்கிலியால் பிணித்து, சுவரினுள் நிறுத்தி மண் பூசி மூடினான். துறவிமேல் இட்ட மண்ணின் பயன் இதுவென்று சூளவம்சம் கூறும். சிகிரியாக் குன்றில் கோட்டை அமைத்து வாழ்ந்த காசியபன், 18 ஆண்டுகளுக்குப்பின் படையுடன் திரும்பிய மொக்கல்லானனோடு பொருது, தோல்வி கண்டு தன் கையாலேயே மாய்ந்தான்.

தந்தை காட்டிய நிதி மட்டும் அழிந்திலது. நெடுங்காலம் பழுதுற்றுக் காடடர்ந்து கிடந்த ஏரி, ஆளுநர் ஆர்தர் கார்டன் காலத்தில் 1887-ஆம் ஆண்டில் செப்பனிடப்பட்டது. 1976 முதல் மகாவலி ஆற்றின் நீரும் அதற்கு வந்து சேர்கின்றது. ஏறக்குறைய 12 கோடி கன மீட்டர் நீரை அது தாங்கவல்லது. அரசும் முடியும் அரண்மனையும் போயின. கழனிகள் பசுமையுடன் உள்ளன.

அன்பர்களே! கரையில் நண்டு தோண்டும் சிறு வளையை அன்றே அடையாவிடின் ஏரியே போய்விடும் என்பதை நாம் அறிவோம். குடும்பத்துச் சினமும் அத்தகையதே. பெண் கொடுத்தும் கொண்டும் உறவான இரு வீட்டார், ஒரு குற்றத்திற்கு வேறொருவரை வருத்துவதால் எத்தனை குடிகள் கெட்டன! மைந்தருக்குப் பொருளை ஒளித்து வைப்பதினும், ஊர் ஏரியின் கரைக்கு ஒரு கூடை மண் இடுதல் நிலைத்த செல்வமாகும். தாதுசேனன் காட்டிய நிதியை நாமும் தேடுவோம். அவனை அழித்த சினத்தை விலக்குவோமாக.