பிரித்துப் படித்த மேதை

பெரும்பாறை மலைச்சாலையில் பழைய மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கினால், “டைனமோவையே மாற்றிவிடு” என்கிறோம். கார்பன் பிரஷ் தேய்ந்ததா, கட்-அவுட் கெட்டதா என்று பிரித்துப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமையையே முதலாக வைத்து உயர்ந்தவர், கொங்குநாடு ஈன்ற ஜி.டி. நாயுடு அவர்கள்.

1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளில்தான் மனம் ஒட்டியது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அதை வாங்கியே தீருவதென்று கோவை சென்று, ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார்.

வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அக்கால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பாட்டரிக்கு மின்னேற்றும் டைனமோ கிடையாது. மாக்னெட்டோ பிளக்கில் பொறி தரும். விளக்கோ கார்பைடு வாயுவில் எரியும். சொல்லித்தர ஆசிரியர் இல்லை. வண்டியே பாடநூல், ஸ்பானரே எழுதுகோல்!

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார், தாமே ஓட்டினார். அதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கினார். 1945-இல் கோவையில் தொழிற்கல்லூரி எழத் துணைநின்றார். ஏட்டுப் படிப்பைக் குறைத்துக் கைப்பயிற்சியைக் கூட்டினால் மாணவர் விரைவில் தேறுவர் என்பது அவர் கொள்கை. 1974-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெறப்போகும் நம்மில் எத்தனை பேர் ஸ்பானரைத் தொட்டிருக்கிறோம்? உறுப்பை மாற்றுவது எளிது. அது ஏன் கெட்டது என்று அறிவதே கல்வி.