சுவிசேஷகர் மாற்கு: வாழ்வும் நூலின் பின்னணியும்

மாற்கு இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவர் அல்லர். அப்படி எழுதிப் புள்ளியை இழக்கும் மாணவர் உண்டு. ஆகவே இதை முதலில் மனதிற் கொள்க. யோவான் என்பது அவரது யூதப் பெயர். மாற்கு என்பது உரோமப் பெயர். அவருடைய தாயார் மரியாள் எருசலேமில் வாழ்ந்தவர். ஆதிச் சபையார் ஜெபத்திற்காக அவரது வீட்டிற் கூடினர். முதலாம் ஏரோது அகிரிப்பாவின் ஆட்சியில் (கி.பி. 41–44) சிறையிலிருந்து தப்பிய பேதுரு வந்து தட்டியது இவ்வீட்டுக் கதவையே.

சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியரான பர்னபா, மாற்கின் நெருங்கிய உறவினர். ஏறத்தாழ கி.பி. 46இல் பர்னபாவும் பவுலும் முதலாவது மிஷனரிப் பயணத்தைத் தொடங்கியபோது மாற்கு உதவியாளராகச் சென்றார். சீப்புருவில் ஊழியம் செய்தபின் மூவரும் கடல் கடந்து பம்பிலியா நாட்டுப் பெர்கே நகரை அடைந்தனர். அங்கே மாற்கு அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏன் திரும்பினார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் கூறவில்லை. நோய், பயம், பவுலின் தலைமை பிடிக்காமை எனப் பலவாறு கூறுவர். இவை ஊகங்களே, விடையில் உறுதியாக எழுத வேண்டாம்.

இரண்டாம் பயணத்திற்கும் மாற்கை அழைத்துச் செல்ல பர்னபா விரும்பினார். இடைவழியில் விட்டுப்போனவர் வேண்டாம் எனப் பவுல் மறுத்தார். தர்க்கம் முற்றி, நெடுநாள் நண்பர் இருவரும் பிரிந்தனர். பவுல் சீலாவுடன் சீரியா வழியாகவும், பர்னபா மாற்குடன் சீப்புருவுக்கும் சென்றனர். முன்பு பவுலையே சீடர்கள் நம்பாதிருந்தபோது அவருக்காகப் பேசியவர் இந்தப் பர்னபாதான் என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னாளில் பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் மாற்கு உடன் ஊழியராகக் குறிப்பிடப்படுகிறார். பேதுருவின் முதலாம் நிருபமோ அவரை மகன் என்றே அழைக்கிறது. பேதுரு போதித்தவற்றை மாற்கு எழுதிவைத்தார் என்பது 2ஆம் நூற்றாண்டில் எராப்போலியில் ஆயராயிருந்த பப்பியா தரும் செய்தி. எனினும் சுவிசேஷத்தின் உள்ளே ஆசிரியர் பெயர் இல்லை. ஆகவே இதைத் திருச்சபை மரபு என்றே குறிப்பிடுக.

நூல் கி.பி. 65–70 அளவில் எழுதப்பட்டதாகப் பலர் கருதுகின்றனர். கி.பி. 64இல் உரோமை நகர் தீப்பற்றியபின் நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைக் கொடூரமாகக் கொன்றான். உயிருக்கு அஞ்சி விசுவாசத்தை மறுத்தவர்களும் இருந்திருப்பர். யூத வழக்கங்களையும் அராமியச் சொற்களையும் ஆசிரியர் விளக்குவதால் வாசகருட் பலர் யூதரல்லாதோர் எனலாம்.

இப்பின்னணியில் நூலின் கருப்பொருள்கள் தெளிவாகின்றன. இங்கே இயேசு பாடுபடும் மனுஷகுமாரன். தமது மரணத்தை அவர் மூன்று முறை முன்னறிவித்தும் சீடர்கள் விளங்கிக்கொள்ளவில்லை. கைது செய்யப்பட்ட இரவில் எல்லாரும் ஓடினர். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். தலைவர்களின் தோல்வியை நூல் மறைக்கவில்லை. ஆனால் கல்லறையிற் கிடைத்த செய்தியில், மறுதலித்த பேதுருவின் பெயர் தனியாகவே சொல்லப்படுகிறது. மிகப் பழைய பிரதிகளில் நூல் 16:8இல், பெண்கள் அஞ்சி ஓடுவதோடு முடிகிறது.

மாற்கு பின்னர் அலெக்சாந்திரியாவில் சபையை நிறுவினார் என்பது மரபு. எகிப்தின் கொப்திக் திருச்சபை இன்றும் அவரைத் தன் தொடக்கராகப் போற்றுகிறது.