மலை மலையாய் ஏறிய லாம்டன் துரை

நாகூரில் பெரிய மினாரா இருக்கிறதல்லவா? தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக் கொடுத்தது. உயரம் 131 அடி. அதன் உச்சியில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் வயல், தென்னந்தோப்பு, பனங்கூட்டம். பேருக்குக்கூட ஒரு குன்று கிடையாது.

இந்தக் காவிரிச் சீமைதான், மலை ஏறுவதையே வேலையாகக் கொண்ட ஒரு மனிதரைத் திணற அடித்தது. அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

ஏழைக் குடும்பம்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில், 1753-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் லாம்டன். கணக்கில் புலி. பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே எதிரிகளிடம் கைதியானார். பிறகு கனடா பக்கம் எல்லை அளக்கும் வேலை பார்த்தார். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. கிரகணத்தன்று பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்!

பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்தார். 1799-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஒரு இரவு, ஜெனரல் பேர்டு தன் படையை நடத்திப் போனார். லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்கும் இடம் சரியில்லை. படை எதிரியின் பாசறையை நோக்கியே போய்க் கொண்டிருந்தது! அவர் சொன்னதை ஜெனரல் முதலில் நம்பவில்லை. விளக்கேற்றித் திசை காட்டும் கருவியைப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

பூமியை அளக்க ஆசை

போர் முடிந்ததும் லாம்டன் கம்பெனி சர்க்காரிடம் ஒரு யோசனை சொன்னார். தென்னாட்டைக் கடலுக்குக் கடல் துல்லியமாக அளக்க வேண்டும். கூடவே, பூமி எந்த அளவுக்கு உருண்டை என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

இது எதற்கு என்று அதிகாரிகளில் சிலர் கேட்டார்கள். பல்லக்குத் தூக்கியிடம் ஊர் பெயரைச் சொன்னால் அவனே கொண்டுபோய் விடுவானே, படம் எதற்கு என்று கேலி செய்தவரும் உண்டு. ஆனாலும் உத்தரவு கிடைத்தது.

கோணம் அளக்கும் கருவி லண்டனிலிருந்து வர வேண்டும். தியோடலைட் என்று பெயர். எடை அரை டன். தூக்க ஒரு டஜன் ஆள் வேண்டும். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். கருவி மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது. விஞ்ஞானத்துக்கு உதவும் பொருள் என்று தெரிந்ததும், பகையைப் பாராமல் அதைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். நல்ல மனிதர்கள்!

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலைப் பக்கம் வேலை ஆரம்பம். 100 அடிச் சங்கிலியால், ஏறத்தாழ 400 தடவை வைத்து வைத்து, ஏழரை மைல் தூரத்தை அளந்தார்கள். அதற்கு 57 நாள் ஆயிற்று.

அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. உங்கள் வயலின் ஒரு வரப்பு எத்தனை அடி என்று தெரியும். தூரத்தில் ஒரு பனைமரம் நிற்கிறது. வரப்பின் இரண்டு முனைகளிலிருந்தும் அந்தப் பனைமரத்தைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக் கொண்டால், நடந்து போகாமலே அதன் தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். லாம்டன் செய்தது இதைத்தான். ஆனால் பனைமரத்துக்குப் பதில் மலை உச்சி. ஒரு மலையில் ஏறி அடுத்த மலையைப் பார்ப்பது, பிறகு அந்த மலையில் ஏறுவது. மழை பெய்து தூசி அடங்கினால்தான் தூரத்து உச்சி தெரியும். மழைக்காலத்தில் காடெல்லாம் காய்ச்சல். கூட வந்தவர்கள் நோயில் விழுந்தார்கள்.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. இவர் அளந்ததில் 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் நிலம் வெறும் காகிதத்தில்தான் இருந்திருக்கிறது!

கயிறு அறுந்தது

1808-ல் தஞ்சைச் சீமைக்கு வந்தார். இங்கே ஏறுவதற்கு மலை ஏது? தோப்புகள் பார்வையை மறைத்தன. கோவில் கோபுரங்களே மலைகள் ஆயின. எல்லாவற்றிலும் உயர்ந்தது ராஜராஜ சோழன் கட்டிய பெரிய கோவில் விமானம். 216 அடி. அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள்.

பாதி வழியில் கயிறு ஒன்று அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. மூன்று அடி அகலமுள்ள அதன் வட்டம் கோணிப் போயிற்று. அந்த வட்டம் சரியாக இல்லாவிட்டால் ஒரு கோணமும் சரியாக வராது. மாற்றுக் கருவி லண்டனிலிருந்து வர எத்தனை மாதம் ஆகுமோ! லாம்டனுக்கு அப்போது வயது ஏறக்குறைய 55. ஒரு காலத்தில் நம் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பென்ஷன் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போன வயது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. கூடாரத்துக்குள் போய்க் கதவை அடைத்துக் கொண்டார். வேலைக்காரர் சிலரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகை ஒன்றில் சரியான அளவுக்கு வட்டம் வரைந்து வெட்டினார். கோணிய வட்டத்தை அதற்குள் வைத்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த ஆரங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம்! ஒரு கொல்லுப்பட்டறை ஆசாரியின் பொறுமை அது. கருவி மறுபடி வேலை செய்தது. 1809-ம் ஆண்டுக்குள் அளவு கன்னியாகுமரி வரை போய்விட்டது.

கடைசிப் பயணம்

பிறகு வடக்கே திரும்பினார். ஆந்திரா, ஐதராபாத் என்று மலை மலையாய் ஏறினார். 1818-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவிக்கு வந்தார். கிழவர் சும்மா இருக்கையில் தளர்ந்து போனவராகத்தான் தெரிவார், ஆனால் கருவியைத் திருத்த எழுந்துவிட்டால் கை கால்களில் வாலிபம் வந்துவிடும் என்று அந்த எவரெஸ்ட் பின்னால் எழுதி வைத்திருக்கிறார்.

ஏறத்தாழ 1,65,000 சதுர மைல் பரப்பு அவர் காலத்தில் அளந்து முடிந்தது. ஆனாலும் கோடு இமயமலை வரை போகவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி காலமானார். வயது 70 இருக்கும். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

இமயமலையடிவாரம் வரை கோட்டைக் கொண்டுபோய் 1841-ல் முடித்தவர் எவரெஸ்ட். உலகத்தின் உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி.

லாம்டன் பெயரை அந்தச் சிகரத்துக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கண் மூடியதும், தஞ்சையில் மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்திய அதே கருவியைத் தூக்கிக் கொண்டுதான் எவரெஸ்ட் வடக்கே புறப்பட்டார்.