தோர்ணக்கல்லின் தந்தை

சென்ற ஆண்டு செடி வகைகள் திரட்டும் பொருட்டு எங்கள் வகுப்பினர் பொன்முடிக்குச் சென்றிருந்தோம். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறியதும் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் ஒதுங்கினேன். என் தமிழைக் கேட்ட பெரியவர் ஒருவர் உள்ளே அழைத்துக் கட்டன்சாயா கொடுத்து ஊர் விசாரித்தார். பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம் என்றேன். அப்படியானால் அசரியா ஐயர் பிறந்த சீமை அல்லவா என்றார் அவர். அப்பெயரை நான் கேட்டதே இல்லை. கொழுந்து பறித்தே காலம் கழித்த முதியவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டு 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர். மணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் பிள்ளையின்றித் தவமிருந்து பெற்ற மகன் என்பதால், விவிலியத்தில் அவ்வாறே பிறந்த சாமுவேலின் பெயரையே வைத்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வு வேளையில் நோய் வந்தது. பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமே உலகம் என்றிருக்கும் நம்மைப் போன்றோர் இதைச் சற்று நின்று எண்ணலாம். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது வேறு கதை.

1895 முதல் வாலிபர் கிறித்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே தொண்டு நடத்துவதைக் கண்டு நாணினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆள், பணம், நிர்வாகம் யாவும் நம்மவருடையவை. பிறரை அனுப்பிவிட்டு அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். ஆண்டுக்கணக்கில் இங்கிருந்தும் மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் நம் நண்பர் சிலரை நான் அறிவேன். பெயர் சொல்லமாட்டேன்.

பணிவு என்றால் குனிந்து நிற்பது என்று எண்ணுவோர் 1910ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டை அறியவேண்டும். உலக மிஷனெரிகள் கூடிய அந்த அவையில், வெள்ளைக்காரத் தொண்டர்கள் தியாகம் செய்கிறார்கள், ஆனால் இந்தியரைச் சமமாக உட்காரவைத்து உண்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் அங்கே கேட்டது நட்பு ஒன்றே. அவையில் பலருக்கு அது கசந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. சாதி பார்த்த நம்மவரும் முகம் சுளித்தனர். சென்னை பிஷப் ஒயிட்ஹெட் மட்டும் உறுதியாக நின்றார். பின்னர் மறைமாவட்டம் விரிந்து, ஐரோப்பிய மிஷனெரிகளே அசரியாவின் கீழ்ப் பணிபுரியும் நிலை வந்தது. எடின்பரோவில் கசந்த பேச்சைப் பேசியவர் அதிகாரம் கைக்கு வந்ததும் பழிதீர்க்க எண்ணியிருக்கலாம். அவர் அவ்வழி செல்லவில்லை.

மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் அவரைத் தண்டிரிகாரு, அதாவது தந்தையார், என்றே அழைத்தனர். 1912இல் ஐம்பதாயிரத்துச் சொச்சமாக இருந்த சபையார் தொகை 1941இல் 2 லட்சத்தைத் தாண்டியது. மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளோடு அவருக்குக் கருத்து வேற்றுமை இருந்தது. ஆயினும் கிறித்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்பதே அவர் கட்சி.

ஊருக்குத் தந்தையானவர் வீட்டுக்கும் தந்தை. 1898இல் மணந்த அன்பு மரியம்மாள், தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் முதன்முதல் கல்லூரி சென்றவர்களில் ஒருவர். மக்கள் அறுவர். தந்தை சுற்றுப்பயணத்தில் இருந்த நாட்களில் வீட்டையும் பெண்கள் பணியையும் அந்த அம்மையாரே தாங்கினார். தண்டிரிகாரு என்று ஊரார் அழைக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? எந்தையார் கடை அடைத்து வீடு திரும்பும்போது நான் உறங்கியிருப்பேன். ஆகவே இக்கேள்வியை என்னால் எளிதில் தள்ள இயலவில்லை. அன்பு அம்மையார் இல்லாத அசரியாவை நினைக்கவும் முடியவில்லை.

தோர்ணக்கல் பேராலயத்தைக் கட்டிமுடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கோவில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் கலந்த அக்கட்டடம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிட்டை ஆயிற்று. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று தொடங்கிய பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. அந்நாளைக் காண அவர் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அந்தத் தமிழரை, தெலுங்கு மண்ணில், அந்தப் பேராலயத்தை அடுத்தே அடக்கம் செய்திருந்தனர்.